வலது கண்ணைத் தொடாதீர்கள்

நம் தொலைநோக்கியின் பழைய கேமராவை அடுத்த மாதம் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டப் போகிறீர்கள் என்று என்கூட வேலை பார்த்த சிவநேசன் சொன்னார். புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் அந்தப் பழையதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம். சிரியுங்கள். அது சிரிப்பதற்குத் தகுந்த கேமராதான். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். அறிவுரை சொன்னால் எனக்கே தூக்கம் வரும், அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் ஏறினால் கிள்ளான் போய்ச் சேருவதற்குள் மூன்று பெட்டி மாறி உட்காருவேன். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடும் கடையில் மாவு வீசுகிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். "கோகிலா கால்ல சக்கரம்" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான மறுவாரமே சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவள் இருபத்தெட்டு வருடம் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அதற்குக் காரணம் அந்த நட்சத்திரமும் சும்மா இருக்காது என்பதுதான்.

மீராவைச் சொல்கிறேன். நீங்களும் அதைத்தான் படம் பிடிக்கிறீர்கள். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி, ஒரு சுற்று முடிய ஏறக்குறைய பதினோரு மாதம் எடுக்கிற சிவப்பு நட்சத்திரம். உச்சத்தில் இருக்கும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். அடங்கிவிட்டால் தொலைநோக்கி இல்லாமல் தேடிப் பிடிக்க முடியாது. எங்கள் காலத்திலும் கேமரா வந்துவிட்டது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்து எழுதிய பதிவு உலகத்தில் இருக்கிறதே, அது நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று நானும் சிவநேசனும் கண்ணாலும் பார்த்தோம். பக்கத்தில் மாறாமல் இருக்கும் வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடினால் மங்கல், குறைந்தால் பிரகாசம். அவ்வளவுதான் வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அது கண்ணுக்குள் சேர்ந்துகொண்டே போய், இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஒரு பார்வை பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். பொறுமைசாலிகள் தோற்கும் இடம் அது. எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஜெஞ்சாரோமில் செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள நம் கொட்டகையில், கூரையைத் தள்ளித் திறந்து அஞ்சு நிமிடத்தில் என் எண்ணை எழுதிவிடுவேன். சிவநேசன் கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியைச் சரிசெய்து, மூச்சை இழுத்துவிட்டுப் பார்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு நோட்டு. ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்கக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. தனித்தனியாகத்தான் அனுப்புவோம். இந்த வழக்கம் நாங்களாகக் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் எண்கள் போய்ச் சேரும் வெளிநாட்டுப் பதிவகத்தில் ஒருவர் இருந்தார். மின்னஞ்சலின் அடியில் 'சரிபார்ப்பவர்' என்று மட்டும் இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சேர்ந்த புதிதில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நான்கு மாலைகளில் உங்கள் இருவர் எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்கிறது. காரணம் சொல்லவும்." பாராட்டத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். சிவநேசன்தான் முகம் வெளிறிப்போய், "நாம பேசிக்கிட்டது தெரிஞ்சு போச்சு" என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அந்தப் பெயரில்லாத ஆள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மார்ச் மாதத் தொடக்கம். மீரா அடங்கிக் கிடந்து மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு, அது பிரகாசம் ஏறி, எண் எட்டைத் தாண்டிக் கீழே வருகிற அந்தச் சில நாட்களில் ஒரு பெரிய தொலைநோக்கியால் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஒருமுறைதான் பார்க்கலாம். தாண்டிவிட்டது என்று நாங்கள் சொன்னால் அவர்கள் திருப்புவார்கள். தள்ளிப்போடவும் வழியில்லை. சில வாரங்களில் மீரா சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்துவிடும். எங்கள் கேமராவோ, வழக்கம்போல, அந்த வாரம் பழுது பார்க்கப் போயிருந்தது. எங்கள் கண்களை நம்பித்தான் அவள் மூன்று வருடப் படிப்பு நின்றது.

அந்த வாரம் பார்த்துக் கிள்ளான் பக்கம் கரிமண் தரை பற்றி எரிந்தது. மழையில்லாத மாதங்களில் அங்கே மண்ணுக்கு அடியிலேயே தீ ஓடும். ஜெஞ்சாரோம்வரைக்கும் புகை. துணிமணியில் எல்லாம் அந்த வாடை. இரண்டு நாளாகக் கூரையைத் திறந்து திறந்து மூடினோம். மூன்றாம் நாள் மாலை எட்டரை மணிக்கு மேற்கே கொஞ்சம் வெளுத்தது. நான் பாய்ந்து போய்ப் பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்பது. எட்டைத் தாண்டிவிட்டது.

எழுதி முடித்ததும் நிற்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே போனேன், உள்ளே வந்தேன். சிவநேசன் பார்த்து எழுதி நோட்டை மூடினார். அந்த இடத்தில்தான் நான் வழக்கத்தை மீறினேன்.

"சிவா, உங்களுக்கு எவ்ளோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லக் கூடாதே கோகிலா."

"இன்னைக்கு மட்டும் சொல்லுங்க லா. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு."

"எட்டு புள்ளி நாலு."

எனக்குச் சுருக்கென்றது. அரை எண் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. அவர் சொன்னது சரியென்றால் இன்னும் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

"புகை இருக்கு," என்றார் அவர். "புகை வெள்ளை நட்சத்திரத்தைத்தான் அதிகமா தின்னும். சிவப்பு தப்பிச்சிரும். அதனால பிரகாசமா இருக்கற மாதிரி தெரியும்."

"அது உங்களுக்கும் தானே? எனக்கு மட்டும் தனியா புகை போட்டாங்களா?"

வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். நான் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரே புகை வழியாகப் பார்த்த இரண்டு பேருக்கு இரண்டு எண் வந்தால் கோளாறு புகையில் இல்லை, இரண்டு பேரில் ஒருவரிடம் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா, 'உறுதியா தெரியல'ன்னு எழுதிப் போடலாம்," என்றார்.

"தெரியலன்னு எழுதறதுக்கா இத்தனை வருஷம் கொசுக்கடி வாங்கினேன்?"

அவர் தன் எண்ணை மாற்றவில்லை. "என் நம்பர் இதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையை மூடப் போனார். நான் அங்கேயே நின்றபடி கைத்தொலைபேசியில் அந்த மாணவிக்கு எழுதினேன்: தாண்டிவிட்டது, திருப்புங்கள்.

திருப்பினார்கள். நட்சத்திரம் அவர்களுக்கு வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அதற்குப் பின் ஏழாம் நாளோ எட்டாம் நாளோதான் வந்தது. அப்போது அந்தத் தொலைநோக்கி வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தப் பெண் எனக்கு ஒரே வரி அனுப்பினாள்: "உங்கள் உழைப்புக்கு நன்றி." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

அப்போதும் நான் அடங்கவில்லை. அன்று புகை என்னை ஏமாற்றிவிட்டது, எதையும் மங்கலாகப் பார்க்கிற சிவநேசனின் கண்ணுக்கு அது குருட்டாம்போக்கில் ஒத்துப்போனது என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. ஒருநாள் காரில் போகும்போது சொல்லியும் விட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க சிவா. ஒரு தடவ கண்ணை டாக்டர்கிட்ட காட்டிருங்க."

"ம்" என்றார்.

அடுத்த வாரம் காட்டிவிட்டு வந்தார். "என்ன சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணும் இல்லையாம்" என்றார். கிள்ளானில் அவர் போய்வந்த கண் மருத்துவமனையின் அட்டையை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அட்டையைக் கிழிக்கக்கூடப் போனேன்.

அதே வாரம் சரிபார்ப்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உலகம் முழுவதும் பார்ப்பவர்களின் எண்களோடு ஒப்பிட்டால் என் எண்கள் சில வருடங்களாகவே பிரகாசத்தின் பக்கம் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. எப்போது தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 'ஆகவே இந்தப் பார்வையாளரின் தொடர் முழுவதையும் ஒதுக்கிவிடலாமா? உங்கள் கருத்து தேவை.'

முழுவதையும் என்றால் இருபத்தாறு வருடம். என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் இல்லாமல் போன மாலைகளும் அதில்தான் இருந்தன. அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் காலை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிள்ளான் ரயிலில் ஏறினேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். "ஆன்டி, ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. ரைட் கொஞ்சம் மோசம். லென்ஸ் மஞ்சளாயிருச்சு."

"எவ்ளோ நாளா?"

"மெதுவாதான் வரும். நாலஞ்சு வருஷம் இருக்கலாம். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும். வெள்ளை நட்சத்திரங்கள் மங்கும், சிவப்பு அவ்வளவாக மங்காது. அந்தக் கரிமண் புகை மாதிரி ஒரு புகையை நான் நாலஞ்சு வருடமாகக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு மட்டும் தனியாகப் புகை போட்டார்களா என்று கேட்டேனே, போட்டுத்தான் இருந்தார்கள். போன தீபாவளிக்கு முன்னால் துணிக்கடையில், வெள்ளை கேட்டால் சந்தனக் கலரைக் கொடுக்கிறாயே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டதும் ஞாபகம் வந்தது. "அக்கா, இது வெள்ளைதான் லா" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவநேசனைக் கண்ணைக் காட்டச் சொன்னது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

டாக்டர் வலது கண்ணுக்கு முதலில் அறுவைச் சிகிச்சை, ஒரு மாதம் கழித்து இடது கண் என்று தேதி போட்டார். நான் வேண்டாம் என்றேன்.

"இடது கண்ணை முதல்ல செய்ங்க. வலது கண்ணைத் தொடாதீங்க."

"ஆன்டி, வலதுதான் மோசம்."

"அதனாலதான் சொல்றேன்."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தொலைநோக்கியில் நான் எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பேன். என் எண்கள் எல்லாம் அந்தக் கண் எழுதியவை. அதன் பழைய லென்ஸை எடுத்துவிட்டால் அது எவ்வளவு பொய் சொன்னது என்று கேட்க ஆளே இருக்காது. ஒரு கண்ணைப் புதிதாக்கிவிட்டு, பழையதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாலும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தால் வித்தியாசம் கையில் கிடைத்துவிடும். அதை விளக்கினேன். அவளுக்குப் பாதி புரிந்தது.

"எவ்ளோ நாள் அப்படியே விடணும்?"

"பதினோரு மாசம்."

மங்கலாக இருக்கும்போது வரும் பிசகும் பிரகாசமாக இருக்கும்போது வரும் பிசகும் ஒன்றாக இருக்காது. முழுச் சுற்றும் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் தலையை ஆட்டினாள். மாதா மாதம் வந்து காட்டுவதாகவும், கார் ஓட்டுவதில்லை என்றும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டாள். அன்றே சரிபார்ப்பவருக்கு எழுதினேன்: கோளாறு என் கண்ணில் இருக்கிறது. ஒதுக்க வேண்டாம், ஒரு சுற்று நேரம் கொடுங்கள். 'காத்திருக்கிறேன்' என்று பதில் வந்தது.

சிவநேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். காரில்தான், அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புதான் சிவா." அவர் கியரை மாற்றியபடி, "சீட் பெல்ட்டைப் போடுங்க" என்றார். மனிதர் அப்படித்தான்.

அந்தப் பதினோரு மாதத்தை எப்படிச் சொல்வது. பொறுமை இல்லாதவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு கண்ணில் உலகம் புதுத் தகரம் மாதிரி பளபளக்கிறது, இன்னொன்றில் தேயிலைத் தண்ணீர் நிறம். படிக்கட்டில் கால் தடுமாறும். தட்டில் சோறு இரண்டு நிறமாக இருக்கும். மாதச் சோதனைக்குப் போகும்போதெல்லாம், இன்றைக்கே செய்துவிடுங்கள் என்று நாக்கின் நுனிவரை வரும். ஜூன் மாத விடியற்காலைகளில் கிள்ளானில் என் தங்கச்சி வீட்டில் தங்கிக் கொட்டகைக்குப் போய், கிழக்கே எழும் மீராவைப் பார்த்தோம். வருடக் கடைசியில் மாலை மழைக்கு நடுவே கூரையைத் திறந்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பார்வை, இரண்டு எண். புதுக் கண்ணின் எண் ஒரு நோட்டில், பழையதின் எண் இன்னொன்றில். ஒன்றை எழுதும்போது மற்றதைச் சிவநேசன் வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். அவர் தன் எண்ணைத் தன் நோட்டில் எழுதுவார். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

முடிவில் என்ன தெரிந்தது என்பதை நீங்கள் பதிவகத்திலேயே பார்க்கலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கண்ணின் பிசகு நட்சத்திரம் மங்கும்போது அதிகம், பிரகாசமாகும்போது குறைவு. சிவநேசனின் பழைய நோட்டுகளை என்னுடையவற்றோடு வைத்துப் பார்த்தபோது, இருபத்தொரு வருடம் இரண்டு பேரும் அக்கம்பக்கமாகவே நடந்திருந்தோம். அதற்குப் பிறகு நான் மெல்ல மெல்ல விலகியிருந்தேன். விலகல் எங்கே வந்து முடிந்தது என்பதை என் பழைய கண் சொன்னது, எந்த வழியாக வந்தது என்பதை அவர் நோட்டு சொன்னது. அன்று கொட்டகையில் நான் கத்திய கத்தலுக்குப் பயந்து அவர் தன் எண்களை என் பக்கம் இழுத்திருந்தால் எனக்குத் திரும்பி வர வழியே இருந்திருக்காது.

இருபத்தொரு வருடம் அப்படியே நின்றது. கடைசி ஐந்து வருடம், திருத்தியது என்ற குறியோடு நின்றது. புகை மூடிய அந்த மார்ச் மாதம் மட்டும் போய்விட்டது. அந்த ஏழு புள்ளி ஒன்பதை அழித்துவிட வேண்டாம், தவறு என்று குறித்து அங்கேயே விடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அந்த மாணவி பிறகு வேறு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு படிப்பை முடித்தாளாம். எனக்கு அவள் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இப்போது உங்கள் கேமராவுக்கு வாருங்கள். அதற்கும் வயதாகியிருக்கிறது. அதன் வடிகட்டிக் கண்ணாடி எந்த வருடத்தில் நிறம் மாறத் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது, அதற்கே தெரியாது. புதியது பளபளவென்று வந்ததும் பழையதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டால், அது எடுத்த அத்தனை வருடத்துக்கும் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். முழுசாக ஒரு சுற்று ஓடட்டும். பதினோரு மாதம் தாங்காது என்று சொல்லாதீர்கள். நானே தாங்கினேன்.

கடைசியாக ஒன்று. இது வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது.

சுற்று முடிந்த வாரம், மார்ச் மாதக் கடைசி. மறுநாள் காலை வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை. மீரா உச்சத்தில் இருந்தது. சூரியன் இறங்கியதும் மேற்கே செம்பனைகளுக்குக் கொஞ்சம் மேலே, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி முடித்தேன். புதுக் கண்ணில் அது வெளிறிய ஆரஞ்சுத் தோல் நிறம்தான். அந்தக் கனல் மாதிரிச் சிவப்பு பழைய கண்ணில் மட்டும்தான் இருந்தது. நாளைக்குப் பிறகு அதை நான் பார்க்கப் போவதில்லை.

நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எழுதிட்டீங்க தானே?" என்றார் சிவநேசன். "அப்புறம் என்ன? வாங்க போலாம், கொசு ஆளைத் தூக்குது."

"நீங்க போய் கார்ல இருங்க சிவா. வரேன்."

அத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தேன். எப்படிப் பார்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேனோ அப்படியே பார்த்தேன். அது சிவந்தது. இன்னும் சிவந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைகளையெல்லாம் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. பொய் என்று தெரியும். எவ்வளவு பொய் என்றுகூட எனக்கு அப்போது எண்ணோடு தெரியும். கண்ணில் நீர் முட்டி அது கலங்கும்வரை பார்த்தேன்.

அதற்கு நான் எண் கொடுக்கவில்லை.